மேலே இருக்கும் ஏரியைப் பற்றிக் கீழே இருப்பவர்களின் திறந்த மடல்

சிலாங்கூர் நீர் மேலாண்மை வாரியமான லுவாஸ், மாநில வன இலாகா, குடிநீர் வழங்கும் ஆயர் சிலாங்கூர் நிறுவனம், மாநில ஆட்சிக்குழு ஆகியோரின் கவனத்திற்கு.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

கோல குபு பாருவிலிருந்து எழுதுகிறேன். உலு சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெற்றோருக்குப் பிறந்து, தோட்டம் கைமாறிய பிறகு டவுனுக்கு வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. சுங்கை சிலாங்கூர் அணையின் ஏரிக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள காட்டுக்குள்ளும் யாரும் நினைத்தபடி நுழையாமல் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அந்தத் தடை அப்படியே இருக்கட்டும். அதைத் தளர்த்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. ஆட்களின் காலுக்குப் போட்ட தடையை ரம்பத்துக்கும் மண்வாரி இயந்திரத்துக்கும் சேர்த்து, காலக்கெடு இல்லாமல் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அப்புறம், அந்தக் காட்டைப் பற்றி எந்த முடிவு எடுப்பதாக இருந்தாலும் கீழே குடியிருக்கும் எங்களிடம் முதலில் சொல்லுங்கள், எங்களையும் கேளுங்கள்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டவுனிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் 55-ஆம் எண் சாலையில் சிறிது தூரம் போனாலே அணை கண்ணில் படும். பாறைக் கற்களைக் குவித்து எழுப்பிய அணை, உயரம் சுமார் 110 மீட்டர். அதன் பின்னால் மலைகளுக்கு நடுவே நிற்கும் ஏரி நிரம்பினால் சுமார் 23 கோடி கன மீட்டர் தண்ணீர் கொள்ளும். சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மூன்றுக்கும் போகும் குழாய்த் தண்ணீரில் ஏறக்குறைய 60 விழுக்காடு சிலாங்கூர் ஆற்றை நம்பியிருக்கிறது. ஏரியிலிருந்து நேராகக் குழாய் வைத்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவதில்லை. திறந்துவிடும் தண்ணீர் ஆற்றோடு ஆறாக எங்கள் ஊர் ஓரமாக இறங்கி, ராசாவிலும் பெஸ்தாரி ஜெயா பக்கத்திலும் இருக்கும் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே மேலே ஏரியில் என்ன நடந்தாலும் அதை முதலில் பார்ப்பவர்கள் நாங்கள். பங்சாரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் இருப்பவர்களுக்கு அது குழாய் நின்ற பிறகுதான் தெரியவரும்.

இந்த நாட்டில் வளர்ந்த எவருக்கும் 'கவாசான் லாராங்கான்', அதாவது 'தடைசெய்யப்பட்ட பகுதி' என்ற சிவப்புப் பலகையைத் தெரியும். துப்பாக்கி நீட்டும் காவலர், கைகளைத் தூக்கி நிற்கும் ஓர் ஆள், கீழே நான்கு மொழிகளில் எச்சரிக்கை, அதில் தமிழும் உண்டு. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கான 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வைக்கப்படும் பலகை அது. சுற்றியுள்ள வனக் காப்பகத்துக்குள் போக வேண்டுமென்றால் 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி தனியாக அனுமதிச் சீட்டு வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் இந்த எல்லையை மதித்தே நடக்கிறோம். சாலையோரம் வண்டியை நிறுத்தி, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்போம், புறப்பட்டுவிடுவோம்.

அப்படி நின்று பார்ப்பதே எங்களுக்குப் போதும் என்று மனதாரச் சொல்கிறேன். காலை ஏழரை மணிக்குப் போய் நின்றால் ஏரி தெரியாது. பனிப்புகை தண்ணீர் மட்டத்திலேயே படுத்திருக்கும். வெயில் ஏற ஏற அது மலை இடுக்குகளில் மேலே போய், முதலில் எதிர்க்கரை மரங்களின் உச்சி தெரியும், கடைசியில்தான் தண்ணீர் தெரியும். அந்த நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து சியாமாங் குரங்குகள் குரல் கொடுக்கும். ஒரு ஜோடி தொடங்கினால் அடுத்த மேட்டிலிருந்து இன்னொரு ஜோடி எடுக்கும். தொண்டைப் பையை உப்பவைத்து அவை எழுப்பும் சத்தம் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கேட்கும். இருவாச்சி பறந்துபோனால் தலையைத் தூக்காமலேயே தெரிந்துவிடும், இறக்கையின் ஓசை அவ்வளவு பெரிது. இருவாச்சிக்குக் கூடு கட்டத் தெரியாது. பெரிய, வயதான மரத்தில் இருக்கும் பொந்துக்குள் பெட்டை புகுந்துகொண்டு, ஒரு சின்னப் பிளவு மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை மாதக்கணக்கில் அந்தப் பிளவு வழியாக அத்திப்பழம் ஊட்டும். பொந்து விழும் அளவுக்கு ஒரு மெராந்தி மரம் வயதாக மனித ஆயுள் போதாது. அந்த மரத்தை வெட்டிவிட்டு 'பதிலுக்கு மரம் நட்டுவிட்டோம்' என்று சொன்னால் இருவாச்சிக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

ஏரிக்கு மேலே சிலிங் ஆற்றில் கெலா மீன்களுக்கென்று காப்பகம் இருக்கிறது. கெலா சுத்தமான, வேகமாக ஓடும், குளிர்ந்த நீரில் வாழும் மீன். கலங்கல் தண்ணீரில் அது நிலைக்காது. பெரிய செதில்கள், பொன்னிறமும் செம்மையும் கலந்த உடல். ஒரு காலத்தில் கீழே எங்கள் பக்கமும் கெலா கிடைத்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது மேலே மட்டும்தான். அதே மலைத்தொடரில்தான் தாப்பிரும் புலியும் நடமாடுகின்றன. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு, தீபகற்பத்தில் எஞ்சியுள்ள காட்டுப் புலிகள் 150-க்கும் குறைவு என்று சொன்னது. இவ்வளவு உயிர்களும் இங்கே பிழைத்துக் கிடப்பதற்கு முக்கியமான காரணம், இங்கே ஆள் நடமாட்டம் இல்லை என்பதுதான். இதனால்தான் உள்ளே விடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

சரி, பூட்டித்தானே இருக்கிறது, அப்புறம் என்ன கவலை என்று கேட்பீர்கள். பூட்டு யாருக்குப் போடப்பட்டது என்பதில்தான் எங்கள் கவலை. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு பையன் தூண்டிலோடு உள்ளே போனால் அது குற்றம். அதே வனச் சட்டத்தில், இந்த நிலம் காப்பகமாக இனித் தேவையில்லை அல்லது இதைவிடக் கூடுதல் பொருளாதாரப் பயன் உண்டு என்று மாநில அரசு கருதினால் காப்பகத்திலிருந்தே நிலத்தை வெட்டி எடுக்கவும் வழி இருக்கிறது. நிலம், காடு, நீர் மூன்றும் அரசமைப்புச் சட்டப்படி மாநிலத்தின் கையில் இருப்பவை. 2010-இல் சிலாங்கூர் அரசு 25 ஆண்டுகளுக்கு மரவெட்டுத் தடை கொண்டுவந்தது. நல்ல முடிவு, அதற்காக இந்த மாநிலத்தைப் பாராட்ட வேண்டும். ஆனால் கூட்டிப் பார்த்தால் 2035-இல் அந்தக் கெடு முடிகிறது. இன்று எங்கள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போவதற்கு முன்பே முடிந்துவிடும். அப்போது ஆட்சியில் யார் இருப்பார்கள், வருமானத்துக்கு எவ்வளவு நெருக்கடி இருக்கும், மரத்தின் விலை என்னவாக இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? இருக்கும் நல்ல மனதை இப்போதே சட்டமாக எழுதிவைக்கச் சொல்கிறோம்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு மண் அரிப்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பழைய கித்தா (ரப்பர்) மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்வதைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் நாங்கள். மேட்டை வழித்த மறுநாள் மழை பெய்தால் அலோர் வாய்க்கால் முழுக்கச் சிவப்பாக ஓடும். அதனால்தான் தோட்டத்தில் முதல் வேலையாக மேட்டில் படிப்படியாகப் பாத்தி வெட்டுவார்கள், மண்ணை மூடிப் படரும் கொடிகளை விதைப்பார்கள். கன்று நடுவது அதற்குப் பிறகுதான். லாபத்துக்காக நடத்தப்பட்ட தோட்டமே மண்ணை அவ்வளவு பயந்து பார்த்துக்கொண்டது. அது பாதிச் சரிவுள்ள மேடு. ஏரியைச் சுற்றி இருப்பதோ செங்குத்தான மலை.

காடு அந்தச் சரிவில் செய்யும் வேலையை வேறெதுவும் செய்யாது. மழைத்துளி முதலில் உயர்ந்த மரத்தின் இலையில் அடிபட்டு, அடுத்த அடுக்கில் விழுந்து, பெர்த்தாம் பனையின் ஓலையில் வழிந்து, கடைசியில் உதிர்ந்த சருகுமேல் மெதுவாக இறங்குகிறது. சருகுக்குக் கீழே வேர்களும் புழுக்களும் துளைத்துவைத்த மண், ஈரப் பஞ்சாக அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பிறகு மழையே இல்லாத நாட்களிலும் ஓடைகள் ஓடுவது அந்தச் சேமிப்பிலிருந்துதான். மரத்தை எடுத்துவிட்டால் மழை நேராக மண்ணை அடிக்கிறது. தண்ணீர் தங்காமல் மண்ணையும் வாரிக்கொண்டு ஏரிக்குள் வருகிறது. வண்டல் அடியில் சேரச் சேர ஏரியின் கொள்ளளவு குறைகிறது. ஏரி பார்க்க அதே அகலத்தில்தான் இருக்கும், ஆழம் மட்டும் போய்விடும். மண்ணோடு வரும் சத்துகளால் பாசி பெருகும். பாசி மக்கினால் அடித் தண்ணீரில் பிராணவாயு தீர்ந்து, அடி மண்ணில் இருக்கும் இரும்பும் மங்கனீசும் கரைந்து மேலே வரும். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஆலைகளுக்கு ஆகும் செலவை உங்கள் பொறியாளர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

வண்டல் என்ன செய்யும் என்பதற்குக் கேமரன் மலையில் இருக்கும் ரிங்லெட் ஏரியைப் பாருங்கள். 1960-களில் மின்சாரத்துக்காகக் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணையின் ஏரி அது. மேலே காட்டை வழித்துக் காய்கறித் தோட்டம் போட்டுக்கொண்டே போக, மண்ணும் குப்பையும் ஏரியை நிறைத்தன. 2013 அக்டோபரில் ஓர் இரவு கனமழையில் ஏரி தாங்காமல் தண்ணீரைத் திறந்துவிட வேண்டி வந்தது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் வண்டிகளும் அடித்துக்கொண்டு போயின, உயிர்களும் போயின. ஆற்றோரம் குடியிருந்த ஏழைகள்தான் அதில் மாட்டிக்கொண்டார்கள்.

எங்கள் ஊருக்கு இது புத்தகத்தில் படித்த கதை இல்லை. இப்போது இருக்கும் டவுன் இரண்டாவது டவுன். பழைய கோல குபு ஆற்றங்கரையில் இருந்தது. அதற்கு மேலே, அம்பாங் பெச்சா கிராமம் இருக்கும் பக்கத்தில், அக்காலத்து மக்கள் கட்டிய பழைய அணை ஒன்று இருந்தது. 1883 அக்டோபர் 29 அன்று பெருமழையில் அது உடைந்து ஊரை வாரிக்கொண்டு போனது. மாவட்ட நீதிபதியாக இருந்த சிசில் ரேங்கிங் உட்பட பலர் செத்துப்போனார்கள். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அந்த அதிகாரி சுட்டதால்தான் அணை உடைந்தது என்று மலாய்க் கிழவர்கள் இன்றும் சொல்வார்கள். முதலை இருந்ததோ இல்லையோ, மேலே இருப்பதை மதிக்காமல் கீழே நிம்மதியாக இருக்க முடியாது என்று இந்த ஊர் அன்றைக்கே புரிந்துகொண்டது. பிழைத்த ஊர் மறுபடி எழுந்தது. அடுத்து வந்தது ஈயச் சுரங்கம். மேலே சுரங்கங்களில் கழுவிவிட்ட மண் ஆற்றின் அடியை உயர்த்திக்கொண்டே போய், வெள்ளம் மாறி வெள்ளம் வந்து, பழைய டவுன் மண்ணுக்குள் புதையத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் அரசாங்கம் 1930 வாக்கில் மேட்டில் புது டவுனை எழுப்பி எல்லாரையும் நகர்த்தியது. நகரத் திட்ட நிபுணர் சார்ல்ஸ் ரீட் வரைந்த அந்த அமைப்பில்தான், மரங்களும் திறந்த வெளியும் உள்ள இந்தத் தெருக்களில்தான் நாங்கள் இன்று நடக்கிறோம். ஒருமுறை அணை உடைந்தும் ஒருமுறை வண்டலாலும் அடிபட்ட ஊர், ஏரியைப் பற்றிக் கேள்வி கேட்பதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆறு எங்களோடு நின்றுவிடுவதில்லை. பெஸ்தாரி ஜெயா, அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் போகிறது. மலாயாவில் வியாபாரத்துக்காகச் செம்பனை முதன்முதலில் 1917-இல் நடப்பட்ட தென்னமரம் தோட்டம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கோல சிலாங்கூருக்கு இறங்கினால் கம்போங் குவாந்தான். கரையோரம் நிற்கும் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணையும், அதைப் பார்க்க உலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பெரெம்பாங் மரத்துக்கு உப்பும் நன்னீரும் சரியான அளவில் கலந்த தண்ணீர் வேண்டும். மேலிருந்து வரும் நன்னீர் குறைந்தால் கடல் உப்பு ஆற்றுக்குள் ஏறும். மின்மினிப் புழுக்களுக்கு இரையாகும் நத்தைகளுக்கும் அந்த ஈரக்கரை வேண்டும். எங்கள் மலையில் மதகை எவ்வளவு திறக்கிறீர்கள் என்பது அங்கே மின்மினியின் வாழ்வைத் தொடுகிறது. அணை கட்டும் நாட்களிலேயே இந்த அச்சம் பேசப்பட்டது. ஆற்றுக்குத் தினமும் எவ்வளவு தண்ணீர் விடுகிறீர்கள் என்பதை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள் என்று நாங்கள் கேட்பது எங்களுக்காக மட்டும் இல்லை.

2014-இல் நீண்ட வறட்சியில் இந்த ஏரியின் மட்டம் 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கி, சிலாங்கூரின் பல பகுதிகளில் பங்கீட்டு முறையில் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தோம்புகளையும் வாளிகளையும் வரிசையாக வைத்துத் தண்ணீர் லோரிக்குக் காத்திருந்தோம். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் கிழவிகள் பதறவில்லை. லயத்தில் பத்து வீட்டுக்கு ஒரு பீலி (தண்ணீர்க் குழாய்) என்று வாழ்ந்தவர்கள், ஒரு வாளித் தண்ணீரில் குளித்துத் துவைத்து மிச்சத்தைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் பேரப்பிள்ளைகள் அப்படி வாழ வேண்டும் என்று யாரும் ஆசைப்பட மாட்டார்கள். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவு சிலாங்கூர் ஆற்றுக்கு வந்து, ஆலைகளை மூட வேண்டியதாகி, சுமார் 12 லட்சம் கணக்குதாரர்களுக்குக் குழாய் நின்றது. அதன் பிறகு லுவாஸ் சட்டத்தைக் கடுமையாக்கி அபராதத்தை 10 லட்சம் ரிங்கிட் வரை உயர்த்தினீர்கள். வரவேற்கிறோம். கீழே அழுக்கு விடுபவனுக்கு அவ்வளவு தண்டனை என்றால், மேலே அந்தத் தண்ணீர் பிறக்கும் காட்டுக்கு அதற்கு ஏற்ற காவல் வேண்டாமா?

எங்கள் ஊரிலேயே வேறு விதமாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஏரியைத் திறந்துவிட்டால் சுற்றுலா வரும், படகு விடலாம், சாலே விடுதி கட்டலாம், பையன்களுக்கு வேலை கிடைக்கும் என்கிறார்கள். வேலை வேண்டும் என்ற அவர்களுடைய நியாயம் எனக்குப் புரிகிறது. தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிய பிறகு இந்த வட்டாரத்துத் தமிழ் இளைஞர்களில் பலர் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் ரவாங், ஷா ஆலாம் என்று போய்ப் பிழைக்கிறார்கள். ஆனால் ஏரியைத் திறப்பது அதற்கு மருந்து இல்லை. சுற்றுலாவுக்கு இந்த ஊரில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. ஆற்றில் ரப்பர் படகு விடுகிறார்கள், மேட்டிலிருந்து பாராகிளைடர்கள் பறக்கின்றன, வார இறுதியில் சைக்கிள்காரர்கள் பிரேசர் மலைக்கு ஏறுகிறார்கள், டவுனில் காப்பிக் கடைகள் நிறைகின்றன. இவை பெருகட்டும். ஏரிக்கரையில் கட்டடம் எழுந்தால் அதற்குச் சாலை வேண்டும், சாலைக்கு மலையை வெட்ட வேண்டும், கழிவு எங்கேயாவது போக வேண்டும். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பக்கத்திலேயே பத்தாங் காலியில் முகாம் போட்டிருந்தவர்கள் மேல் மலை சரிந்து 31 பேர் மாண்டார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள். நம் மலைச் சரிவுகளின் குணம் அது. அந்த விடியலில் எங்கள் தெருவில் கேட்ட ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கூட்டம் வந்தால் இன்னொன்றும் வரும். நம் நாட்டு ஏரிகளில் விளையாட்டுக்காகத் தூண்டில் போடுபவர்கள் தென் அமெரிக்காவின் பீக்காக் பாஸ் மீனைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அது வேட்டை மீன், குஞ்சுகளைத் தின்று தீர்க்கும். செபாராவும் கெலாவும் இருக்கும் தண்ணீரில் அது புகுந்துவிட்டால் பிறகு எந்தச் சட்டத்தாலும் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

வேலை வேண்டுமென்றால் ஏரியைக் காக்கும் வேலையைக் கொடுங்கள். இந்த இடத்தில் முதல் உரிமை எங்களுக்கு இல்லை. அணைக்காகப் பெர்த்தாக், கெராச்சி கம்பங்களிலிருந்து (கிராமங்களிலிருந்து) இடம் மாற்றப்பட்ட தெமுவான் பழங்குடி மக்களுக்குத்தான். அவர்களுடைய மூதாதையர் நிலத்தின் மேல்தான் ஏரி நிற்கிறது. எந்த மரம் எப்போது காய்க்கும், எந்த ஓடையில் மீன் முட்டையிடும், புதிய காலடித் தடம் யாருடையது என்று அவர்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். அவர்களைக் காவலர்களாக, நிரந்தரச் சம்பளத்தோடு, ஓய்வூதியத்தோடு எடுங்கள். அதற்கு அடுத்து ஊர் இளைஞர்களை எடுங்கள், தண்ணீர் மாதிரி எடுக்க, நாற்றங்கால் வளர்க்க, வழித்த இடங்களில் மறுபடி காட்டு மரம் நட. தோட்டத்து நாற்றங்காலில் பாலித்தீன் பையில் கன்று வளர்த்த அனுபவம் உள்ள அம்மாக்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் மெராந்தி, கெருயிங் விதையைக் கொடுத்துப் பாருங்கள்.

தெமுவான் மக்களைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் கதையும் நினைவுக்கு வருகிறது. 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, நிலம் யாருக்கு விற்கப்படுகிறது என்றே தெரியாமல் ஒரு காலையில் வேலையும் வீடும் இழந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்த வலியிலிருந்துதான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது, தொழிலாளர்கள் தங்கள் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். மேலிடத்தில் கையெழுத்தான பிறகு சேதி கேட்டுப் பழகிய சமூகம் நாங்கள். ஏரிக்காட்டைப் பற்றிய சேதியாவது கையெழுத்துக்கு முன் வர வேண்டும்.

அது நடக்கக்கூடிய காரியம்தான். கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தை மேம்பாட்டுக்காக விடுவிக்கும் திட்டம் வந்தபோது 45,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. பெரும்பகுதி விடுவிக்கப்பட்டது 2021 ஆகஸ்டில் தெரிந்ததும் எதிர்ப்பு எழுந்து, செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவை ரத்து செய்தது. மக்கள் பேச்சைக் கேட்டு ஒரு காட்டைத் திருப்பிக் கொடுத்த மாநிலம் இது. 2022-இல் தேசிய வனச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், காப்பகத்தை விடுவிக்கும் முன் பொது விசாரணை நடத்தச் சொல்கிறது. ஆனால் பொது விசாரணை அறிவிப்பு ஒரு மொழியில், ஒரு நாளிதழின் மூலையில் வந்தால் கோல குபு பாருவில் எத்தனை பேர் பார்ப்பார்கள்? அறிவிப்பைத் தமிழிலும் சீனத்திலும் போடுங்கள். கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், தமிழ்ப்பள்ளிகளுக்கு அனுப்புங்கள், தெமுவான் கம்பங்களுக்கு ஆள் அனுப்பி வாய்மொழியாகச் சொல்லுங்கள்.

அப்புறம் பிள்ளைகள். இந்த ஏரிக்குக் கீழே வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது. சிவப்புப் பலகையை மட்டும் தெரியும். உங்கள் அதிகாரி ஒருவரும் தெமுவான் பெரியவர் ஒருவரும் முன்னால் நடக்க, ஒரு வகுப்பு மட்டும், படகு இல்லாமல், சத்தம் இல்லாமல், குப்பை இல்லாமல் போய்வர ஏற்பாடு செய்யுங்கள். எல்லாத் தமிழ், மலாய், சீனப் பள்ளிகளுக்கும் முறை வைத்து வரட்டும். ஒரு முறை பார்த்த பிள்ளை பெரியவனாகி வாக்குப் போடும்போது அந்தக் காட்டை நினைப்பான். தடை செய்யப்பட்ட இடத்துக்குள் நாங்கள் கேட்கும் ஒரே விதிவிலக்கு இதுதான்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1883-ஐ மறக்காத ஊருக்கு 110 மீட்டர் அணைக்குக் கீழே குடியிருப்பது எப்படி இருக்கும் என்று நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அணை உறுதியாக இருக்கிறது என்று நம்புகிறோம், பராமரிக்கும் தொழிலாளர்களுக்கு நன்றி சொல்கிறோம். ஆனாலும் அபாயச் சங்கு ஒலித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்த மேடு பாதுகாப்பு, நடக்க முடியாத தாத்தா பாட்டிகளை யார் வந்து தூக்குவார்கள் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆற்றோரக் கம்பங்களில் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை நடத்துங்கள், தமிழிலும் சொல்லி நடத்துங்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், ஏரியின் முழு நீர்ப்பிடிப்புப் பகுதியையும் வனச் சட்டத்தில் உள்ள நீர்ப்பிடிப்புக் காடு என்ற வகையில், 2035-க்குக் காத்திருக்காமல், அரசிதழில் வெளியிட்டு உறுதிசெய்வது. மரத்தோட்டம், சுரங்கம், கல்லுடைப்பு எதற்கும் அதில் இனி இடமில்லை என்று அதிலேயே எழுதுங்கள். எல்லையைக் காட்டும் வரைபடத்தை மாவட்ட அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டுங்கள். எந்த அனுமதி கொடுத்தாலும் அதன் விவரம் அங்கேயே பக்கத்தில் தொங்கட்டும்.

இதைப் பற்றிப் பேச ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம் வையுங்கள். நாங்கள் நாற்காலியும் தேநீரும் ஏற்பாடு செய்கிறோம். செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களும் ஃபேக்டரியில் ஷிப்ட் பார்ப்பவர்களும் வர வேண்டும், ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வையுங்கள். பெர்த்தாக், கெராச்சி மக்களைக் கூட்டிவர வேன் தேவைப்படும். அதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், தேதியை மட்டும் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோல குபு பாருவில் வசிக்கும், தோட்டத்தில் பிறந்த உங்கள் மாநிலக் குடிமகள்